பாவு முடியும்வரை அப்டேட் இல்லை

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. சந்தேகம் வந்த இடங்களில் இரண்டுக்கும் பொதுவாக ஒன்றை எழுதியிருக்கிறேன். நீங்கள் அனுசரித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

டிசைன் அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கண் சரியில்லாமல் நான் வேலையிலிருந்து நின்ற அன்று, உங்களில் ஒருவர் வாசல் வரை வந்து, "அண்ணா, கம்ப்யூட்டர் தினம் அப்டேட் கேட்டுகினே இருக்குது. போடலாமா, வேணாமா?" என்று கேட்டீர்கள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. "பாக்கலாம்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். தெருமுனை தாண்டியபிறகுதான் அது வேறு யாருடைய செருப்போ என்று தெரிந்தது. உடனே திரும்பிவந்து கொடுக்கவும் கூச்சமாக இருந்தது. மறுநாள் ஆள் இல்லாத நேரம் பார்த்து வைத்துவிட்டுப் போனேன். என் சுபாவம் அப்படி. நேரில் பேச வராது. அதனால்தான் எழுத்து.

டிசைன் போடுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் படித்தவர்கள். எப்போது கையை வைக்கக் கூடாது என்பதைத்தான் சொல்ல வேண்டும். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கணினியைத் தொட்டதே இல்லை.

என்னிடம் ஒரு பெரிய குறை உண்டு. யார் எது கேட்டாலும் 'முடியாது' என்று சொல்ல எனக்கு வராது. சாப்பிட்டுவிட்டுப் போன வீட்டில் மறுபடி சாப்பிடச் சொன்னால் உட்கார்ந்துவிடுவேன். கணினியும் என்னைக் கண்டுகொண்டது. காலையில் திறந்ததும் ஒரு சின்னப் பெட்டி எழுந்துவந்து, 'புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போதே போடவா, பிறகா?' என்று கேட்கும். 'பிறகு' என்று அழுத்துவேன். ஆனால் வாசலில் ஒருவரை நிறுத்திவைத்துவிட்டு உள்ளே சாப்பிடுவதுபோல் மனசு உறுத்தும். மறுநாளும் அது கோபமே இல்லாமல் வந்து நிற்கும். பல மாதம் இப்படிப் போயிற்று.

அந்தச் சமயத்தில் ஏழாம் தறியில் ஒரு கூறைப்புடவை ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பட்டறையில் நெசவாளர்களைத் தறி எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஏழாம் தறி அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஊரில் எத்தனையோ பெண்களுக்குக் கல்யாணப் புடவை நெய்தவர். இந்த முறை அவருடைய மகளுக்கே கல்யாணம். மாப்பிள்ளைக்குச் செய்யாறு கம்பெனியில் ஷிப்டு வேலை, வீடு கண்ணமங்கலம். கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது வழக்கம். பெண்ணின் தாயே பட்டு நெய்கிறவர் என்பதால், அவர் கையாலேயே நெய்யட்டும், டிசைனை மட்டும் மாப்பிள்ளையின் அம்மா சொல்லட்டும் என்று பேசி முடித்தார்கள்.

கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சம்பந்தி அம்மாவே வாடிக்கையாளர் ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. அவர் ஜோடிக் கிளி கேட்டார். புடவை முழுக்க, ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு இரண்டு கிளிகள். நான் போட்டுக் காட்டினேன். வால் குட்டை என்றார். நீட்டினேன். இப்போது கிளி மயில் மாதிரி இருக்கிறது என்றார். வாயில் மாவிலை வேண்டும் என்றார். பிறகு இலை பெரிதாக இருக்கிறது, கிளி மாடு மாதிரி தெரிகிறது என்றார். ஒவ்வொரு முறையும் நான், "சரிங்கம்மா" என்றேன்.

வாயால் சொல்ல முடியாததை நான் கோப்பின் பெயரில் எழுதிவிடுவேன். அது ஒரு கெட்ட பழக்கம். முதல் டிசைனுக்கு 'கிளி' என்று பெயர். அடுத்தது 'கிளி சம்பந்தி'. அதற்கடுத்தது 'கிளி சம்பந்தி மறுபடியும்'. பிறகு 'கிளி சம்பந்தி மாடு'. கடைசியில் அவர் ஒப்புக்கொண்டது 'கிளி சம்பந்தி ஐயோ'. அதைத்தான் பென் டிரைவில் ஏற்றி, டிசைனைப் படித்துத் தறியை ஓட்டும் ஏழாம் தறிப் பெட்டியில் போட்டோம். அக்கா ஒன்றரை முழம் நெய்தும்விட்டார். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்று காலை சம்பந்தி அம்மா போன் செய்து, கிளி மூக்கு சிவப்பாக இருந்தால் லட்சணமாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். அக்கா வந்து என்னிடம், "நெய்ஞ்ச வரைக்கும் கட்டும்போது உள்ள சுத்தற பாகம் தம்பி, வெளிய தெரியாது. இனிமே செவப்பு மூக்கு வர மாதிரி போட்டுக் குடு. கேக்கறாங்க, இன்னா பண்றது" என்றார். "சரிக்கா" என்றேன்.

அவர் அந்தப்பக்கம் போனதும் என் போன் அடித்தது. டிசைன் சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினார்.

"வணக்கம் சார். உங்க வெர்ஷன் ரொம்ப பழசாயிடுச்சு சார்."

என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

"ஆமாம்மா. மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"அதனால என்ன சார். இப்ப ஃப்ரீயா இருக்கீங்களா? ரெண்டே நிமிஷம் சார்."

தறியில் புடவை ஓடுகிறது என்று சொல்லியிருக்கலாம். வேறு நாள் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். நாலு சார் சொன்னவரிடம் எப்படிச் சொல்வது? "ஃப்ரீதாம்மா" என்றேன். அவர் அழுத்தச் சொன்னதையெல்லாம் அழுத்தினேன்.

இரண்டு நிமிஷம் என்றது ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் திறந்த திரையைப் பார்த்தால், யாரோ நம் வீட்டு அடுப்பைக் கூடத்திலும் கட்டிலைச் சமையலறையிலும் மாற்றிப் போட்டதுபோல் இருந்தது. தேடித் தேடி ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தேன். எதையும் தொடுமுன் நகல் எடுத்து வைப்பேன், பயந்த சுபாவத்தில் வந்த ஒரே நல்ல பழக்கம் அது. 'ஐயோ'வை நகல் எடுத்து, 'கிளி செவப்பு மூக்கு' என்று பெயர் வைத்து, அந்த நகலைத் திறந்து மூக்கைச் சிவப்பாக்கினேன். திரையில் அழகாக இருந்தது. பென் டிரைவில் இருந்ததை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் பதினொரு மணி வாக்கில் அக்கா டிசைன் அறை வாசலில் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, வா. ஒரு தரம் வந்து பாரு. ஒண்ணும் பேசாத. நீ எங்க பேசப் போற."

போய்ப் பார்த்தேன். நேற்றுவரை நெய்த கிளிகள் முகம் பார்த்து நின்றன. அதற்குமேல் ஒரு சாண் நீளத்துக்கு, மூக்கு நல்ல சிவப்பாக, எல்லாக் கிளிகளும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. கல்யாணப் புடவையில்! சண்டை போட்டுக்கொண்டு திரும்பி உட்கார்ந்த புருஷன் பெண்டாட்டி மாதிரி, வரிசை வரிசையாக.

"செவப்பு வருதான்னு மூக்கையே பாத்துகினு ஓட்டிட்டேன். என் பொண்ணு இதக் கட்டிகினு மணையில ஒக்காந்தா ஊரு இன்னா பேசும்?" என்றார் அக்கா. "சம்பந்தி இன்னைக்கி மூணு மணி பஸ்சுக்கு வராங்க. மூக்கு பாக்கணுமாம்."

இதற்குள் முதலாளி வந்துவிட்டார். குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "புது மாடல்னு சொல்லிடலாமா?" என்றார்.

"கோவிச்சிகினு நிக்கிற கிளியா மொதலாளி? அதுக்கு இன்னா பேரு வெப்பீங்க?" என்றார் அக்கா.

நாங்கள் டிசைனில் ஒரு கிளியைத்தான் வரைவோம், அதன் ஜோடியைத் தறியே எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு கிளி எப்படியோ பக்கம் மாறிவிட்டது. சுலபம்தானே என்று நான் அறைக்கு ஓடி, கிளியைத் திருப்பினேன். அதோடு சேர்ந்து கரையும் திரும்பிக்கொண்டது. கரையைத் திருப்பினால் கிளியும் பழைய பக்கத்துக்கே போய்விட்டது. சாப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டேன். "பழைய வெர்ஷனுக்குத் திரும்பப் போக முடியாது சார்" என்றார் அந்தப் பெண், அதே மரியாதையோடு.

அப்போது நான் செய்த காரியத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. நீங்கள் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பழைய டிசைன்களில் ஏதாவது சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். 'கிளி' திறந்தேன், சரியாக இருந்தது, மூடினேன். 'கிளி சம்பந்தி' திறந்தேன், மூடினேன். இப்படியே வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். அக்கா பின்னால் வந்து நின்றார்.

"மொதல்ல கைய எடு" என்றார்.

எடுத்தேன்.

"ஜல்தி ஜல்தியா எதையும் தொடாத. நூல் அறுந்தா நாங்க இன்னா பண்ணுவோம்? தறிய நிறுத்திட்டு எங்க அறுந்துச்சுன்னு பாப்போம். அறுந்ததோட ஓட்டுவமா? சரி, சொல்லு. முந்தாநாளு கிளி ஒழுங்கா இருந்துச்சு. அதுக்கப்புறம் இன்னா மாத்தின?"

"மூக்குக்கா."

"மூக்கு மட்டும்தானா?"

நான் தரையைப் பார்த்தேன். "கம்ப்யூட்டரையும் மாத்திட்டேன்கா. அப்டேட்டு."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாவு ஓடிகினு இருக்கறப்ப யாருனா அச்சு மாத்துவாங்களா தம்பி?"

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள், அச்சு என்றால் அந்த இழைகள் நுழைந்து வரும் சீப்பு. பாதிப் புடவையில் அதைக் கழற்ற எந்த நெசவாளிக்கும் கை வராது. "அதுலயும் ஒரே நாள்ல ரெண்டு மாத்தியிருக்க. எது பண்ண வேலைன்னு எப்டி தெரியும்? மூக்கா, மிஷினா?"

"எப்டிக்கா கண்டுபிடிக்கறது?"

"மூணாந் தறியில நேத்துதான் பாவு முடிஞ்சிது. கட பாவு ஒரு சாணு அப்படியே நிக்கிது, எதுக்கும் ஒதவாது. அதுல ஓட்டிப் பாரு. மூக்கு மாத்தாத டிசைனு ஒண்ணு எடு."

மூன்றாம் தறியிலும் அதே மாதிரிப் பெட்டிதான். மூக்கு மாற்றாத 'கிளி'யை ஏற்றி இரண்டு விரற்கடை நெய்து பார்த்தோம். முதுகு. 'கிளி சம்பந்தி'யை ஓட்டினோம். முதுகு. ஆக, மூக்கின்மேல் குற்றமில்லை. திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது, தறிக்குப் போனால்தான் திரும்பிக்கொண்டது. வழக்கமாக டிசைன் கோப்பை நாங்கள் அப்படியே தறிக்குக் கொடுப்போம். புதிய பதிப்பு அதை வேறு விதமாக எழுதி வைக்கிறது, தறியில் இருக்கும் பழைய பெட்டி அதைத் தப்பாகப் படிக்கிறது என்று மெல்ல எனக்குப் புரிந்தது.

"இதெல்லாம் நீ போன மாசம் போட்டதுதான? அப்பறம் எப்டி கெட்டுச்சு?" என்றார் அக்கா. "இன்னைக்கி இதுங்கள இன்னா பண்ண?"

"தொறந்து பாத்தேன். மூடினேன்."

"மூடறப்ப?"

"சேமிக்கவான்னு கேட்டுச்சு. ஆமாம்னேன்."

"நீதான் எதையும் மாத்தலியே, அப்பறம் ஏன் ஆமாம்னு சொன்ன?"

"கேட்டுச்சுக்கா" என்றேன்.

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "உன்ன கட்டிகினவ மகராசி" என்றார். பிறகு, "அப்ப நீ தொறந்ததெல்லாம் திரும்பிக்கிச்சு. தொறக்காதது எதுனா மிச்சம் இருக்குதா? பேரச் சொல்லு" என்றார்.

மிச்சம் ஒன்றே ஒன்று இருந்தது. நகல் எடுத்தபோதும் அதை நான் திறக்கவில்லை, நகலைத்தான் திறந்தேன். அதன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் குரல் கேட்டது.

"சம்பந்தி உள்ளாற இருக்காங்களா?"

மூன்று மணி பஸ் அன்று பன்னிரண்டரைக்கே வந்துவிட்டது. ஒரு பையில் பூவும் பழமுமாகச் சம்பந்தி அம்மா உள்ளே வந்தார். முதலாளி அவரை வெளியிலேயே உட்காரவைத்து மோர் கொடுக்கப் பார்த்திருக்கிறார், நடக்கவில்லை. அக்கா ஒரு நொடி தயங்கினார். பிறகு எழுந்து, "வாங்க சம்பந்தி. ஒரு தப்பு நடந்துபோச்சு, வந்து பாத்துடுங்க" என்று நேரே ஏழாம் தறிக்கு அழைத்துப் போய்க் காட்டினார். மூடி மறைக்கவில்லை. எனக்கு அது இன்றும் ஆச்சரியம்தான்.

இருவரும் திரும்பி வந்தபோது சம்பந்தி அம்மாவின் வாய் இறுகியிருந்தது. "பன்னண்டு நாளு இருந்துச்சு, இன்னைக்கி பதினொண்ணு" என்றார். "வேற புடவ கடையில பாத்துக்கலாம்னா இப்பவே சொல்லிடுங்க சம்பந்தி. பேஜார் வேணாம்."

அக்காவின் கண் கலங்கிவிட்டது. தன் கையால் நெய்த புடவையில் மகள் மணையில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு அந்தக் கல்யாணத்தில் வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை. என்னைப் பார்த்து, "சொல்லு தம்பி, தொறக்காதது எது?" என்றார்.

நான் திரையைக் கையால் மறைத்தேன். சம்பந்தி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் விரல் இடுக்கு வழியாக எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கிளி... சம்பந்தி. கிளி சம்பந்தி மறுபடியும். கிளி சம்பந்தி... மாடு. கிளி சம்பந்தி... ஐயோ."

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சம்பந்தின்னா யாரு? நானா?"

"ஆமாம்மா" என்றேன். எதற்கும் ஆமாம்தான்.

"இன்னா ஐயோன்னு நானும் பாக்கறேன். அதத் தொற."

என் கை தானாக மவுசுக்குப் போனது. பெரியவர் கேட்கிறார், அதுவும் கோபத்தில் இருக்கிறார். திறந்தால் ஒரு பெட்டி எழுந்து சேமிக்கவா என்று கேட்கும், நான் ஆமாம் என்பேன், அத்தோடு கடைசிக் கிளியும் திரும்பிக்கொள்ளும். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"தொறக்கக் கூடாதும்மா" என்றேன்.

"இன்னாது?"

"தொறக்க மாட்டேம்மா. தப்பு என்னுது. அக்கா மேல ஒண்ணுமில்ல. உங்க மேலயும் இல்ல. புடவ ஓடறப்ப நான்தான் மிஷின மாத்திட்டேன். தொறந்ததெல்லாம் கெட்டுப்போச்சு. தொறக்காதது இது ஒண்ணுதான். இத அப்படியே எடுத்துப் போட்டா கிளி மூஞ்சி பாக்கும். ஆனா இதுல மூக்கு செவப்பா இருக்காது."

என் ஆயுளில் மூச்சு விடாமல் நான் பேசியது அவ்வளவுதான். முதலாளி கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார், பேசியது நான்தானா என்று.

திறக்காமலே 'ஐயோ'வைப் பென் டிரைவில் ஏற்றினேன். முதலில் மூன்றாம் தறியின் கடைப் பாவில் ஓட்டினோம். சம்பந்தி அம்மா தறிப் பலகையை ஒட்டிக் குனிந்து நின்றார். முதல் வரிசையில் வால், பிறகு வயிறு, பிறகு கழுத்து. கடைசியில் மூக்குகள் வந்தன. ஒன்றுக்கொன்று எதிராக, நடுவில் மாவிலையோடு.

அவர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "மூக்கு செவப்பா இல்லாட்டி போவுது சம்பந்தி. மூஞ்சி பாத்துகினு இருந்தா போதும்" என்றார்.

முதுகு காட்டிய ஒரு சாணையும் அக்கா ஒன்றரை நாள் உட்கார்ந்து இழை இழையாகப் பிரித்தார். ஜரிகை அத்தனையும் வீண். பாவில் ஓர் இழைகூட அறவில்லை. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அந்தக் கம்பெனிப் பெண் மறுபடி பேசினார். பிரச்சினையைச் சரிசெய்யப் புதிதாக ஒன்று வந்திருக்கிறதாம், இரண்டே நிமிஷமாம். நான் உட்கார்ந்தபடியே, "பாவு முடியட்டும்மா" என்றேன். "பாவுன்னா என்ன சார்?" என்று கேட்டார். ஒரு பாவில் மூன்று புடவை வரும், அது தீர்ந்தாலும் பழையதை உருவி எறியமாட்டோம், கடைசிச் சாணைத் தறியிலேயே விட்டு, புது இழை ஒவ்வொன்றையும் பழைய இழையோடு முறுக்கி இணைத்து இழுப்போம், புதியது முழுக்க உள்ளே வந்தபிறகுதான் பழையதை வெட்டுவோம் என்று சொன்னேன். "நல்லா இருக்கே சார், எங்க ஆபீஸ்ல சொல்றேன்" என்றார்.

அதன்பிறகு நாங்களும் அப்படியே செய்தோம். முதலாளி வேறொரு கணினி வாங்கி வைத்தார். அந்தக் கம்பெனியிலேயே கேட்டு வாங்கி அதில் பழைய பதிப்பைப் போட்டோம். புதியது அதன் பக்கத்திலேயே ஓடும். கடைப் பாவில் ஓட்டிப் பார்த்து, ஒரு பாவு முழுக்கப் புதியதில் ஒழுங்காக வந்தால்தான் மற்றத் தறிகளுக்கு. அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் புதிய பதிப்பில்தான் பிற்பாடு எத்தனையோ நல்ல புடவை போட்டேன். கோப்புக்குத் தறி எண்ணையும் தேதியையும் பெயராக வையுங்கள். மனத்தாங்கலைப் பெயராக வைக்காதீர்கள்.

கல்யாணத்துக்கு நானும் போனேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பெண் அந்தப் புடவையில் மணைக்கு வந்தாள். தாலி கட்டி முடிந்ததும் அக்கா யாரையும் பார்க்காமல் புடவையின் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தியில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சம்பந்தி அம்மா எப்படியோ என்னைக் கண்டுபிடித்துவிட்டார். நாலு உறவுக்காரப் பெண்களோடு வந்து நின்று, கல்யாண மண்டபமே கேட்கிற மாதிரி, "கேட்டீங்களே, கிளி போட்டது யாருன்னு. இவருதான். எனுக்கு 'ஐயோ'ன்னு பேரு வெச்சவரு" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் இலையையே பார்த்தேன்.

"இன்னொரு வாட்டி பாயசம் போடவா?" என்று கேட்டார்.

வயிற்றில் இடமே இல்லை. "போடுங்கம்மா" என்றேன்.

ஆரணி,
ஆவணி மாதம் பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.